அடைக்கலம் யாருடைய கடன்?

மராத்தி மொழியில் 'மாஹேர்' என்றொரு சொல் உண்டு. மணமாகிச் சென்ற பெண்ணுக்கு அவள் பிறந்து வளர்ந்த வீட்டைக் குறிக்கும் சொல் அது. தமிழில் தாய்வீடு என்றும் பிறந்தகம் என்றும் வழங்குவது. புகுந்த இடத்தில் துன்பம் பொறுக்க முடியாமற் போகும்போது பெண்ணுக்கு நினைவில் எழும் முதல் கதவு அதுவே. அந்தக் கதவு எப்போதும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. கணவனைப் பிரிந்து வந்து தங்கிய பெண்ணை 'வாழாவெட்டி' என்று அழைத்ததும் இதே தமிழ்தான். அடித்தவனைச் சுட்ட அப்படியொரு பெயரை நம் மொழி ஆக்கி வைக்கவில்லை என்பது சிந்தனைக்குரியது.

புனே நகரின் தென்கிழக்கில் வானவடி என்னும் பகுதி இருக்கிறது. 1794-ஆம் ஆண்டு மராட்டியத் தலைவர் மகாதஜி ஷிண்டே உயிர்நீத்த இடம் அது. அவருடைய நினைவு மண்டபமான ஷிண்டே சத்திரி இன்றும் அங்கு நிற்கிறது. சுற்றிலும் இராணுவக் குடியிருப்புகள், இராணுவ மருத்துவக் கல்லூரி, அவற்றை ஒட்டி எழுந்த அடுக்குமாடி வீடுகள். உத்தியோக மாற்றலில் நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கே வந்து சேருகின்றன.

அத்தகைய வீடொன்றில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெண் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். இரவு பதினொரு மணி. கணவன் அவளை அடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டுவிட்டான். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பற்றியபடி இன்னொன்று. கைப்பையும் கைபேசியும் உள்ளே இருக்கின்றன. தாய்வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். மராத்தி பேசத் தெரியாது. இந்தியும் கடைவீதி அளவுக்குத்தான். அவள் எங்கே போவாள்?

இந்தக் கேள்விக்கான விடையைத் தேடினால் வானவடியிலிருந்து வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வடு புத்ருக் என்னும் சிற்றூருக்குப் போக வேண்டியிருக்கும். துன்புற்ற பெண்களுக்கான இல்லம் ஒன்று 1997-ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்து வருகிறது. அதன் பெயரே 'மாஹேர்'. கேரளத்தில் பிறந்து, கிறிஸ்தவத் துறவியாகப் புனேயில் பணியாற்றிய சகோதரி லூசி குரியன் அதை நிறுவினார்.

அது பிறந்த கதையை அவரே பல மேடைகளில் கூறியிருக்கிறார். 1991-ஆம் ஆண்டு கருவுற்றிருந்த ஒரு பெண் அவரிடம் வந்தாள். கணவன் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அஞ்சுவதாகவும், தங்க இடம் வேண்டும் என்றும் கேட்டாள். அவர் இருந்த இடத்தில் வெளியாரைத் தங்கவைக்கும் அதிகாரம் அவருக்கில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும். நாளை வரும்படி சொல்லி அனுப்பினார். அன்றே, பொழுது சாய்ந்த பின், அலறல் கேட்டு ஓடிப் பார்த்தபோது அந்தப் பெண் தீயில் எரிந்துகொண்டிருந்தாள். கணவன் வைத்த தீ. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் தாயும் வயிற்றிலிருந்த சிசுவும் பிழைக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியில் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. தீ வைத்தவன் கணவன். ஆயினும் அறநெறி பற்றிய வினா அத்துடன் முடிந்துவிடுவதில்லை. 'நாளை வா' என்று சொன்னவர் விதியை மீறவில்லை, கடுஞ்சொல் கூறவில்லை, உதவ மறுக்கவும் இல்லை. கேட்ட உதவியை ஓர் இரவு தள்ளி வைத்தார், அவ்வளவே. உலகியல் கணக்கில் அது பிழையே ஆகாது. ஆனால் அவர் அதைப் பிழையாகவே ஏற்றார். அதிலிருந்து விலகி ஓடாமல் ஆறு ஆண்டுகள் அலைந்து பொருள் திரட்டி, எந்த நேரத்திலும் திறக்கும் ஒரு கதவை உண்டாக்கினார். இன்று மாஹேரின் கிளை இல்லங்கள் கேரளத்திலும் ஜார்க்கண்டிலும்கூட இருக்கின்றன.

பசித்தவனுக்கு நாளை சோறு போடலாம். அவன் வருந்துவான், ஆயினும் பெரும்பாலும் உயிரோடிருப்பான். அடைக்கலம் அப்படியன்று. அதைக் கேட்கும் நேரத்திலேயே கொடுத்தாக வேண்டும். காலம் தாழ்ந்தால் அது அடைக்கலமே ஆவதில்லை. தானத்தைத் தருபவனின் வசதியும் மனமும் நிர்ணயிக்கலாம். அடைக்கலத்தைக் கேட்பவரின் ஆபத்துதான் நிர்ணயிக்கிறது. அதனால்தான் நம் முன்னோர் அதைத் தானத்தின் வரிசையில் வைக்காமல் கடனின் வரிசையில் வைத்தார்கள் போலும்.

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி செல்வச்சீமாட்டி அல்லள். மோர் விற்கும் இடைச்சி. கண்ணகியின் குலம், ஊர், வரலாறு எதையும் துருவிக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அழைத்துச் சென்று தனி மனை தந்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் தந்தாள். பின்னர் கோவலன் கொலையுண்டு, கண்ணகியும் மதுரையை விட்டு நீங்கியதை அறிந்தபோது, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலம் தவறிப்போயிற்றே என்று மாதரி நள்ளிரவில் தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். இருவர் மீதும் யாரும் பழி சுமத்தவில்லை. அவர்களே சுமந்தார்கள். அந்த முடிவை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அந்தக் கடன் எவ்வளவு கனமானதாகக் கருதப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது.

சிபிச் சக்கரவர்த்தியின் கதையில் எல்லோருக்கும் நினைவிருப்பது தராசும் தசையும். அவற்றுக்கு முன்பு நடக்கும் வாதத்தை யாரும் அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை. புறாவைத் துரத்தி வந்த பருந்து வன்முறை பேசவில்லை, நியாயம் பேசியது. இந்தப் புறா என் உணவு, இயற்கை எனக்கு அளித்த உரிமை, இதில் தலையிட உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டது. மனைவியைத் தேடிக்கொண்டு நள்ளிரவில் வாசலில் வந்து நிற்கும் கணவனும் இதையேதான் கேட்கிறான்: 'இது எங்கள் குடும்ப விஷயம், நீங்கள் யார் தலையிட?' சிபி பருந்தின் பசியை மறுக்கவில்லை. தன் உடலிலிருந்தே அதற்கு ஈடு தந்தான். ஆனால் புறாவைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சுக்கு மட்டும் அவன் அவையில் இடமிருக்கவில்லை. இன்றைய சமரசப் பேச்சுகளில் முதலில் பேசப்படுவதே புறாவைத் திருப்பி அனுப்புவது பற்றித்தான்.

புனே நகரம் இந்தக் கேள்வியை நூற்றாறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தித்து வந்திருக்கிறது. 1863-ஆம் ஆண்டு ஜோதிராவ் புலேயும் அவர் துணைவி சாவித்திரிபாயும் தம் இல்லத்திலேயே கருவுற்ற விதவைகளுக்கு இடமளித்தனர். ஊரறியாமல் வந்து, பிள்ளை பெற்று, விரும்பினால் பிள்ளையை விட்டுச் செல்லலாம். அப்படிப் பிறந்த ஒரு மகவைத் தம்பதியர் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயரிட்டு மருத்துவராக்கினார்கள். 1897-இல் புனேயைக் கொள்ளைநோய் தாக்கியபோது, வானவடிக்கு அடுத்த ஹடப்சர்ப் பக்கத்தில் அந்த மகன் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். அந்தப் பணியில் துணை நின்ற சாவித்திரிபாய் நோய் தொற்றி அவ்வாண்டு மார்ச் மாதம் காலமானார். பிறக்கும் முன்பே அழிக்கப்பட்டிருக்கக்கூடிய ஓர் உயிர், அந்த ஊரின் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்றது.

பண்டித ரமாபாய் 1889-இல் மும்பையில் சாரதா சதனைத் தொடங்கி, அடுத்த ஆண்டு புனேக்கு மாற்றினார். அங்கிருந்த பெண்கள் கிறிஸ்தவத்தின்பால் ஈர்க்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1893-இல் பெரும் பூசலாகி, பல குடும்பங்கள் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அடைக்கலத்துக்கு எந்த விலையும் கூடாது என்பது உண்மையே. அதேசமயம், அழைத்துச் செல்லப்பட்ட பெண்களுக்கு ஊர் என்ன மாற்று வைத்திருந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். விடை மூன்று ஆண்டுகள் கழித்து, தோண்டோ கேசவ கார்வே என்னும் கணிதப் பேராசிரியரிடமிருந்து வந்தது. சாரதா சதனின் முதல் மாணவியான ஒரு விதவையை 1893-இல் மணந்து, அதற்காகச் சொந்த ஊராரால் விலக்கிவைக்கப்பட்டவர் அவர். 1896-இல் விதவைகளுக்கென ஓர் ஆசிரமம் தொடங்கி, 1900-இல் நகருக்கு வெளியே ஹிங்கணே என்ற இடத்தில் குடிசையில் அமைத்தார். பகலில் கல்லூரியில் பாடம்; மற்ற நேரமெல்லாம் ஆசிரமம்; இடையில் பல மைல் நடை. அவருடைய நூறாவது வயதில், 1958-இல், பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது.

தமிழகத்திலும் இத்தகைய விளக்குகள் எரிந்தன. இளம் வயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, 1912-இல் சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். அது பின்னர் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. 1897-இல் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கியதும், போக்கிடமின்றி வந்த பெண்களுக்காகத்தான்.

இவர்கள் எல்லோரும் வணங்கத்தக்கவர்கள். ஆனால் இந்த வரலாற்றிலேயே ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. புனேயில் புலே பிறந்தார், கார்வே வந்தார். ஆகவே புனேயில் இல்லங்கள் உண்டாயின. அவ்வாறான ஒருவர் தோன்றாத ஊர்களில் என்ன உண்டாயிற்று? அடைக்கல இல்லங்களின் வரைபடத்தை விரித்தால் அது பெண்களின் துன்பம் எங்கெங்கே மிகுதியோ அங்கெல்லாம் புள்ளி வைத்ததாக இல்லை. கருணையுள்ளவர்கள் எங்கெங்கே பிறந்தார்களோ அங்கெல்லாம் புள்ளி வைத்ததாக இருக்கிறது. பெருநகரங்களைச் சுற்றிப் புள்ளிகள் நெருங்கியிருக்கும்; மலைநாடுகளிலும் வறண்ட மாவட்டங்களிலும் வெற்றிடம். துன்பமோ எங்கும் பரந்திருக்கிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். மகாராஷ்டிரத்தில் 25.2, தமிழ்நாட்டில் 38.1, கர்நாடகத்தில் 44.4. கல்வியிலும் கோயில்களிலும் பெருமை கொள்ளும் தென்னாட்டவர் இந்த எண்களைத் தாண்டிப் போய்விட முடியாது. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமேனும் உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. குறுகிய காலத் தங்கும் இல்லங்களுக்கான திட்டம் 1969-இலேயே வந்தது. 2001-ஆம் ஆண்டையொட்டி ஸ்வாதார் திட்டமும், 2015 முதல் 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் வந்தன. பழைய இல்லங்கள் 2022 முதல் சக்தி சதன் என்ற பெயரில் நடக்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 6-ஆம் பிரிவு கருதத்தக்கது: பாதிக்கப்பட்ட பெண்ணோ அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ சேவை நிறுவனமோ கேட்டால், தங்குமிடத்தின் பொறுப்பாளர் இடம் கொடுத்தே ஆக வேண்டும். கவுந்தியடிகள் சொன்னதைச் சட்டமும் சொல்லிவிட்டது. ஆனால் கேட்பதற்குப் பக்கத்தில் ஓர் இல்லம் இருந்தால்தானே? சட்டம் பிறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதத்தில், பாதுகாப்பு அலுவலர்களை நியமியுங்கள், தங்குமிடங்களைக் கண்டறிந்து அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பது தாளில் நிறைவாகத் தோன்றும். புனே மாவட்டத்திலேயே ஜுன்னர் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து நகருக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். இரவில் பேருந்து இல்லை. வாகனம் வைத்திருப்பவன் கணவனின் உறவினன். சகி மையத்தில் தங்கலாம், ஆனால் ஐந்து நாட்கள் வரைதான். அதற்குள் உடல் காயமே ஆறாது.

இன்னொரு விதியையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்வாதார் இல்லங்களில் தாயுடன் தங்கும் ஆண்பிள்ளைக்கு எட்டு வயது என்ற வரம்பு இருந்தது. மற்றப் பெண்களின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதி. எழுதியவர்களின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பத்து வயது மகனை உடைய தாய் என்ன செய்வாள்? மகனை அடிக்கும் தகப்பனிடம் விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்புவாளா? மாட்டாள். வாசல் வரை வந்தவள் திரும்பிப் போவாள். அவள் திரும்பியதை 'சமரசம்' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அடைக்கலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நளன் கதையில் ஒரு காட்சி வருகிறது. கானகத்தில் கணவனால் கைவிடப்பட்ட தமயந்தி, பாதி ஆடையும் புழுதி படிந்த கூந்தலுமாகச் சேதி நாட்டுத் தலைநகருக்குள் வருகிறாள். சிறுவர்கள் பைத்தியக்காரி என்று பின்தொடர்கிறார்கள். மாடத்திலிருந்து கண்ட அரசமாதா உடனே ஆளனுப்பி அழைத்துக்கொள்கிறாள். அங்கே நிபந்தனை விதித்தவள் தமயந்தி! எச்சில் உண்ணமாட்டேன், யார் காலையும் கழுவமாட்டேன், அயல் ஆடவரிடம் பேசமாட்டேன் என்றாள் அவள். அரசமாதா மகிழ்ந்து ஒப்புக்கொண்டு, அவளைத் தன் மகள் சுனந்தைக்குத் தோழியாக்கினாள். தஞ்சம் புகுந்தவள் தன் மதிப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டியதில்லை என்பதை வியாசர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! நம் காலத்து இல்லங்கள் சிலவற்றில் வெளியே பூட்டு, கைபேசிக்குத் தடை, கடிதங்களுக்குக் கண்காணிப்பு. அடித்தவன் வெளியே உலவ, அடிபட்டவள் பூட்டுக்குள். வீட்டைவிடச் சற்றே பாதுகாப்பான இன்னொரு சிறையாக அது ஆகிவிடக் கூடாது.

இங்கே கூரிய ஒரு வினா எழும்: வீட்டைவிட்டுப் போக வேண்டியவள் அவளா? நியாயப்படி இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூட்டுக் குடியிருப்பில் வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. 19-ஆம் பிரிவின்படி வன்முறை செய்தவனையே வெளியேற நீதிமன்றம் ஆணையிடலாம். வீடு கணவனின் பெற்றோர் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே வசிக்கும் உரிமை இருக்கக்கூடும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பு 2006-இல் அளித்த மாறுபட்ட தீர்ப்பைத் திருத்தியே அப்படிக் கூறியது. ஆகவே நாடெங்கும் இல்லங்கள் கட்டுவது முழு நீதி ஆகிவிடாது. ஆனால் நீதிமன்றம் காலையில் திறக்கும். இரவு பதினொரு மணிக்கும் காலை பத்து மணிக்கும் இடையில் இருக்கும் நேரத்துக்குத்தான் ஒரு கூரை வேண்டும். 1991-இல் அந்தப் பெண்ணுக்கு இல்லாமற் போனதும் அந்த ஓரிரவுதான்.

நாட்டில் ஆசிரமங்களுக்கும் மடங்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பலவற்றில் யாத்திரிகர்களுக்கு விருந்தினர் அறைகள் உண்டு; இரவில் தாமதமாக வரும் பக்தருக்குச் சாவி எடுத்துத் தர ஒருவர் எழுந்து வருவார். அதே நேரத்தில் காயத்தோடு ஒரு பெண் வந்தால் என்ன சொல்வது என்று எத்தனை இடங்களில் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள்? தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. அவை அற்பமானவையும் அல்ல. கணவன் ஆட்களோடு வரலாம். கடத்தல் புகார் கொடுக்கலாம். ஊர் அவதூறு பேசும். ஆண் துறவிகள் வாழும் இடமாகவும் இருக்கலாம். ஆனால் வால்மீகியின் ஆசிரமத்திலும் இவையெல்லாம் இருந்தன. அரசனால் விலக்கப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணை ஏற்பது அந்நாளில் சிறிய ஆபத்தாக இருந்திராது. அவர் சீதையை ஆசிரமத்துப் பெண்டிரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். வழி கண்டுபிடித்தார் என்பதே விஷயம். இன்றைக்கு வழி அதைவிட எளிது. அருகிலுள்ள சகி மையத்தின் எண், மகளிர் காவல் நிலையத்தின் எண், பாதுகாப்பு அலுவலரின் பெயர் ஆகியவை அலுவலகச் சுவரில் இருந்தால் போதும். இரவில் இடம் கொடுத்து, அப்போதே தகவலும் கொடுத்துவிட்டால் கடத்தல் புகாருக்கு வேலையில்லை. மீதியைச் சட்டம் ஏற்கும்.

வானவடியின் மாடிப்படியில் குழந்தைகளோடு நிற்கும் பெண்ணுக்கு ஆசிரமமும் தூரம், மாஹேரும் தூரம். அவள் எதிரில் இருப்பது பக்கத்து வீட்டுக் கதவு. உள்ளே இருப்பவர்கள் விழித்துத்தான் இருக்கிறார்கள். சத்தம் அவர்களுக்கும் கேட்டது. 2008-இல் 'பெல் பஜாவோ' என்றொரு இயக்கம் நாட்டில் நடந்தது. பக்கத்து வீட்டில் அடி விழும் ஓசை கேட்டால் போய் அழைப்பு மணியை அடியுங்கள், ஏதாவது கேளுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஓங்கிய கை சற்றுத் தயங்கும் என்பது அதன் நம்பிக்கை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது எந்த வழக்குப் பொறுப்பும் வராது என்றும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்துக்கு 112. இரண்டும் இரவிலும் இயங்குபவை. அழைத்து வீட்டு முகவரியைச் சொல்லலாம். பிறகு கதவைத் திறந்து, அந்தக் குழந்தைகளுக்குப் படுக்க ஒரு பாய் விரிக்கலாம்.